அண்ணியின் பங்குக் கணக்கு

என் பிரியத்துக்குரிய அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்டுத்தான் கை தானாக எழுத ஆரம்பிக்கிறது. அர்த்தமில்லாத கேள்விதான், இருந்தாலும் கேட்டுத் தொலைக்கிறேன். நல்லா இருக்கீங்களா அண்ணி?

நம் ஊர் குரும்பகரத்துக்கு வாய்க்கால் தண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் நெடுங்காட்டு உரக்கடையைத் தினமும் திறக்கிறார். ஆனால் யூரியா கேட்டு வருகிறவருக்குப் பொட்டாஷ் மூட்டையைத் தூக்கிப் போடுகிறார். வந்தவர்களும் பாவம், தாங்களே மாற்றி எடுத்துக்கொண்டு போகிறார்கள். வீட்டில் உங்கள் மடிக்கணினி விஷயமாகப் பெரிய கலவரமே நடந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறு யாரிடம் சொல்வேன்? அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தானே.

காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோவில் ஏறிய பிறகும் தலையை வெளியே நீட்டி அண்ணனிடம் சொன்னீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "கம்ப்யூட்டர அணைச்சிடாதீங்க, கணக்கு ஓடிட்டிருக்கு. வந்து பாத்துக்கறேன்." இந்த வீட்டு வாசலில் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அது. ரெண்டு நாள் காய்ச்சல் என்று போனவர் திரும்பவில்லை. கருமாதி முடிந்த கையோடு அண்ணன் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வந்தார். "கரண்டு போனா ஃபேன் ஓட வேணாமா?" என்று அம்மாவிடம் சொன்னார். எந்த ஃபேனும் ஓடவில்லை. கனெக்‌ஷன் முழுக்க உங்கள் கணினிக்கு மட்டும்தான் போனது. காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் போய் உட்காருவார், திரையையே பார்ப்பார், கடைக்குக் கிளம்புவார். நானும் அம்மாவும் அந்தப் பக்கமே போகவில்லை.

அங்கே உங்கள் பக்கத்திலிருந்து இதைக் கேட்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அண்ணி காரைக்காலில் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். நான் வீட்டில் இருந்தபடியே புரோகிராம் எழுதுகிறவள். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு கணித மென்பொருள் செய்தோம். வெறும் எண்களைக் கூட்டிக் கழிப்பதல்ல அது. எழுத்தை எழுத்தாகவே வைத்துக்கொண்டு கோவைகளை விரிக்கும், சுருக்கும், ஒவ்வொரு படியையும் தமிழில் காட்டும். எக்ஸ், ஒய் எதற்கு, மீன் பெயர் வைத்தால் பிள்ளைகள் மறக்காது என்று கொடுவா, நெத்திலி, சுறா என்று வைத்தவர் அண்ணி. கருக்களாச்சேரிக் கடற்கரைக்காரி, வேறு எப்படி வைப்பார்!

பள்ளிக்கூடத்துப் பழைய கணினிகளிலும் ஓட வேண்டும் என்பது உங்கள் பிடிவாதம் அண்ணி. பழைய கணினிக்கு வேகம் போதாது. அதனால் ஒருமுறை போட்ட விடையை நினைவகத்தில் ஒதுக்கி வைத்து, அதே கணக்கு மறுபடி வந்தால் எடுத்துக் கொடுக்கச் செய்தோம். நினைவகமும் கொஞ்சம்தான். இடம் நிறைந்தால் பழைய விடைகளில் எதையாவது வெளியேற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொரு விடையும் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். அங்கேதான் நமக்குச் சண்டை வந்தது.

மூன்று பெரிய விடைகளுக்குள்ளே ஒரே கோவை இருக்கும். அதை மூன்று முறை எழுதி வைப்பதில்லை. ஒரே இடத்தில் வைத்துவிட்டு மூன்றும் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படியானால் அந்த இடத்தை யார் கணக்கில் எழுதுவது?

"மொதல்ல யாரு கொண்டாந்தாங்களோ அவங்க கணக்குல எழுதுங்க அண்ணி" என்றேன்.

நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "உங்க வீட்டுப் புத்தி போவுமா செல்வி? எதப் பாத்தாலும் ஒருத்தர் பேருல பட்டா போட்டுடுவீங்க."

"அப்ப நீங்க எப்படி எழுதுவீங்களாம்?"

"எங்க ஊருல போட்டுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, கடலுக்குப் போன ஆளுக்கெல்லாம் பங்கு. மூணு பேரு புடிச்சிருந்தா ஆளுக்கு மூணுல ஒரு பங்கு. சோலி முடிஞ்சிது."

கடலுக்குப் போய்வந்த உங்கள் அப்பா கரையில் மீனைப் பங்கு பிரிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர் நீங்கள். உங்களுக்கு நியாயம் என்றால் அதுதான். நீங்கள் மருமகளாக வந்தபோது, கடற்கரைப் பெண் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட எங்கள் சொந்தக்காரர்களுக்கும் விசேஷத்தில் சரிசமமாகப் பரிமாறியவர் ஆயிற்றே. நான் ஒத்துக்கொண்டேன். பங்குக் கணக்கே உள்ளே போனது. எல்லாப் பங்கையும் கூட்டினால் மொத்தம் துல்லியமாக வந்தது. நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன்.

போன வாரம் ஜமீலா டீச்சர் போன் செய்தார். காரைக்கால் பள்ளிக்கூடத்தில் நம் மென்பொருளை வைத்துப் பாடம் நடத்துகிறாரே, அவர்தான். "செல்விம்மா, கோவிச்சுக்காதீங்க. பெரிய கணக்காப் போட்டா லேப்ல எல்லா மெஷினும் அப்படியே நின்னு போவுது. மேடம் மவுத்தானதுலேர்ந்து யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல. அடுத்த வாரம் ப்ராக்டிகல். இத எடுத்துட்டு வேற போடச் சொல்லி ஹெச்செம் நெருக்குறாரு. அதுல தமிழே இல்லைங்க. எங்க புள்ளைங்க எதப் பாத்துப் போடும்?"

உட்கார்ந்து பார்த்தேன். தப்பு உங்கள் பங்குக் கணக்கில் இருந்தது. மூன்று பேர் பிடித்திருப்பதில் ஒருவரை வெளியேற்றினால், மூன்றில் ஒரு பங்கு இடம் காலி என்று அது எழுதிக்கொள்கிறது. ஆனால் மற்ற இருவரும் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, இம்மியளவு இடமாவது காலியாகுமா? போட்டிலிருந்து ஒருவர் கரையில் இறங்கிவிட்டால் அவர் பங்குக்கு எஞ்சின் கொஞ்சம் இறங்கிப் போய்விடுமா? ஏட்டில் இடம் இருக்கிறது, உள்ளே இடம் இல்லை. இருப்பதாக நம்பி இன்னும் இன்னும் திணித்து, கடைசியில் கணினி மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது.

என் பட்டாக் கணக்கைப் போட்டிருந்தாலும் இதே குழியில்தான் விழுந்திருப்போம். அளக்க வேண்டியது யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அல்ல. இது போனால் இதோடு எது போகும் என்பதை. வேறு யாரும் பிடித்திராதது மட்டும்தான் போகும். இது ஏன் அன்றைக்கு நமக்குத் தோன்றவில்லை? பங்கு பிரிப்பதிலேயே குறியாக இருந்தோம். யாராவது ஒருவர் போவார் என்பதை யோசிக்கவே இல்லை.

திருத்தி எழுதிவிட்டேன். ஆனால் புதிய பதிப்பை வெளியிடும் அனுமதிச் சாவி, கடவுச்சொல் மாதிரியான ஒரு கோப்பு, உங்கள் மடிக்கணினியில் மட்டும்தான் இருக்கிறது. மத்தியானம் போய்த் தொட்டுப் பார்த்தேன். தோசைக்கல் மாதிரி சுட்டது. உள்ளே விசிறி ஊளையிட்டுக்கொண்டிருந்தது. எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை. பள்ளிக்கூடத்துக் கணினிகளுக்கு வந்த அதே நோய். நீங்கள் ஓடுகிறது என்று சொல்லிவிட்டுப் போன கணக்கு எப்போதோ நின்றுவிட்டது. இதை அண்ணனிடம் நான் எப்படிச் சொல்வேன், சொல்லுங்கள்?

சாப்பிட வந்தவரிடம் சொன்னேன். "அண்ணே, அத அணைக்கணும்."

சோற்றில் வைத்த கை நின்றுவிட்டது. "அணைக்கக் கூடாதுன்னு அமுதா சொல்லிட்டுப் போயிருக்கா."

"கணக்கு ஓடலண்ணே. சிக்கிப் போயி நிக்கிது. ஆயுசுக்கும் முடியாது."

"சத்தம் வருதுல்ல?"

"அது சும்மா சுத்துது."

"நீ கண்டியா? ஒன்னவிடக் கணக்குத் தெரிஞ்சவ சொல்லியிருக்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தெரிஞ்சவங்கதான். அவங்க போட்டதுலதான் தப்பு!" என்றேன். சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா ரசக் கரண்டியோடு அப்படியே நின்றார். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். செத்தவளைக் குற்றம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாரோ?

மறுநாள் காலையில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரே கூப்பிட்டார். "அணைச்சா என்னென்ன போவும்?"

"அதுல மட்டும் இருக்குறது போவும். வேற எங்கயாச்சும் இருக்குறது போவாதுண்ணே."

"அதுல மட்டும் எவ்ளோ இருக்கு?"

இத்தனை வருஷம் நாம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டது இந்த ஒரே கேள்விக்குத்தான். சிக்கி நிற்கிற கணினி உள்ளே எட்டிப் பார்க்கவும் விடவில்லை. "தெரியலண்ணே" என்றேன்.

காப்பியைக் கீழே வைத்தார். பிறகு, "எவ்ளோ நேரம் அழுத்தணும்?" என்று கேட்டார். அதுவாக அடங்குகிற வரைக்கும் என்றேன். அவர் கையாலேயே அழுத்தினார். விசிறி நின்றது. "என்னடா சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். ஒரு சத்தமும் இல்லை, இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்தது நின்றதுதான்.

மறுபடி போட்டதும் சாவி கிடைத்தது. புதிய பதிப்பு அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. "எல்லா மெஷினும் ஓடுது, அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஜமீலா டீச்சர். ஆனால் நீங்கள் கடைசியாக அடித்த வரியைத் தேடித் தேடிப் பார்த்தேன், எங்குமே இல்லை. சேமிக்காமல் போயிருக்கிறீர்கள். அதை மறைக்க மனசு வரவில்லை. "கடைசியா அவங்க போட்ட கணக்கு போயிடுச்சுண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் என்னை வினோதமாகப் பார்த்தார். "எது? விரி, அடைப்புக்குறி, கொடுவா கூட்டல் நெத்திலி கூட்டல் சுறா, அடைப்புக்குறி, அடுக்கு நாப்பது. அதானே? அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. வெத்தா இருக்கும்."

அடுக்கு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது அண்ணி! கணக்குப் பாடம் என்றாலே பள்ளிக்கூடத்துச் சுவர் ஏறிக் குதித்தவர். தினமும் பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிட்டிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். விட்ட இடத்திலிருந்து நீங்களே போடுவது போல இருந்தது. ஓட விட்டேன். கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு விடை வந்து திரை முழுக்கக் கொடுவாவும் நெத்திலியுமாக நிறைந்தது.

"முடிஞ்சிடுச்சுண்ணே" என்றேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். "வந்து பாத்துக்கறேன்னு சொன்னா" என்றார். கருமாதியன்றுகூட அழாத மனுஷன், அப்படியே நாற்காலியில் சரிந்து, குலுங்கிக் குலுங்கி அழுதார். அம்மா அவர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த வரியை அவர் பிடித்திருந்தார், அதனால் அது போகவில்லை. சரி. யாருமே பிடித்திராதது எவ்வளவு போயிற்று? அடுத்து என்ன செய்ய நினைத்திருந்தீர்கள்? அத்தனை பெரிய கணக்கை எதற்காகப் போட்டுப் பார்த்தீர்கள்? பங்குக் கணக்கில் உங்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டதா? வந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இரவில் படுத்தால் இதுதான் ஓடுகிறது. இதை அளக்க எனக்கு வழி தெரியவில்லை.

உங்கள் பங்குக் கணக்கை நான் தூக்கி எறியவில்லை அண்ணி. வெளியேற்றுவதற்குத்தான் புதியது. உள்ளே இருக்கிறவர்கள் யார் யார், யாருக்கு எவ்வளவு என்று காட்ட உங்களுடையதுதான் சரி, அது அங்கேயே இருக்கிறது. நான் இருக்கும்வரை அதில் யாரையும் கை வைக்க விடமாட்டேன், இது சத்தியம். அண்ணன் நேற்று இன்வெர்ட்டர் கனெக்‌ஷனை அம்மாவின் ஃபேனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். காலையில் மட்டும் காப்பியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அத ஒரு தடவ ஓட வுடு" என்கிறார். ஓட விடுகிறேன். முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் கேட்கிற நாள் வரைக்கும் ஓட விடுவேன்.

உங்களோடு சண்டை போட ஆளில்லாமல் தவிக்கும்,
உங்கள் நாத்தனார்
செல்வி