வாப்பா வீட்டில் சுத்தம்

கிண்ணியா
01.03.2024

றுவைஸின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுகமா என்று கேட்பது பழைய பழக்கம், கேட்டுவிட்டேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நாம் கதைக்கத் தொடங்கினால் ஸலாமுக்கு அடுத்தது சண்டைதான். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று கேட்கிறான். அதனால் வெள்ளிக்கிழமை அவன் உங்களிடம் வரும்போது உடுப்புப் பையில் கடிதம் வைக்கிறேன். ஞாயிறு என் தம்பி நிப்றாஸ் ஓட்டோவில் அவனைக் கூட்டிவரும்போது நீங்களும் பதில் வையுங்கள்.

விசயம் இதுதான். ஏழு வயதாகியும் அவனுக்குக் களிசானிலேயே மலம் போய்விடுகிறது. நீங்கள் இங்கே இருந்த காலத்திலேயே தொடங்கியது, இப்போது கூடிவிட்டது. வகுப்பில் பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிறார்களாம். சோம்பல் என்று நினைத்து நானும் அடித்திருக்கிறேன். போன கிழமை கிளினிக்கில் டொக்டர் அவன் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு என்னைத்தான் ஏசினார். இது மலச்சிக்கலாம். எப்போதோ ஒருநாள் நொந்ததால் பயந்து அடக்கத் தொடங்கியிருக்கிறான். உள்ளே கல்லாக இறுகிக் கிடப்பதைச் சுற்றி இளகியது தானாகக் கசிகிறது. அது வருவதே அவனுக்குத் தெரியாதாம். "பிள்ளை வேணுமெண்டு செய்யல்ல தங்கச்சி, ஏசவும் வேணாம், அடிக்கவும் வேணாம்" என்றார்.

பையில் பாணி மருந்து இருக்கிறது. காலையிலும் இரவிலும் கொடுங்கள். சாப்பிட்டதும் கக்கூசில் கொஞ்ச நேரம் இருக்க வையுங்கள். உங்கள் புதுப் பெண்சாதி ரிஸ்லாவின் வீட்டில் கால் தொங்குகிற கொமட் என்பதால், காலை ஊன்ற ஒரு சின்ன வாங்கு வேண்டும். மாதக்கணக்கில் செய்தால்தான் சுகம் வரும்.

சுஹைரா


ஜமாலியா, திருகோணமலை
03.03.2024

சுஹைராவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

றுவைஸ் இங்கே வந்து ஒருநாளாவது களிசானை ஊத்தையாக்கியதில்லை. நீ வைத்துவிடுகிற மாற்று உடுப்பு மடித்தபடியே திரும்பி வருவதைப் பார்க்கவில்லையா? ரிஸ்லா கூட, "எவ்வளவு சுத்தமான பிள்ளை" என்று அவள் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கூட்டிப்போனேன், பக்கத்தில் பெரிய மனிதன் மாதிரி நின்று தொழுதான்.

டொக்டர் சொன்ன வருத்தம் பிள்ளையில் இல்லை, உன் வளர்ப்பில் இருக்கிறது. செல்லம் கூடிவிட்டது. மருந்தைக் கொடுக்கவில்லை. குடித்தால் இளகிப்போகும் என்று போத்தலிலேயே எழுதியிருக்கிறது. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு நானே வருத்தத்தை உண்டாக்கவா?

நஸ்ரி


கிண்ணியா
15.03.2024

றுவைஸின் வாப்பாவுக்கு,

வளர்ப்பு சரியில்லை என்று எழுதியவருக்கு ஸலாம். வளர்க்க வந்து பாருங்கள் என்று எழுதி வெட்டிவிட்டேன்.

உங்களிடமிருந்து வந்து இறங்கினால் இங்கே ஞாயிறு இரவு தொடக்கம் புதன் வரைக்கும் எனக்குக் கழுவுகிற வேலைதான். உங்கள் வீட்டில் சுத்தமாக இருக்கிறவன் எங்கள் வாசற்படியில் கால் வைத்ததும் ஏன் இப்படியாகிறான்? எனக்கு ஒன்று கேட்க வேண்டும். அங்கே இருக்கிற நாட்களில் அவன் கக்கூசுக்குப் போகிறானா? களிசானைச் சொல்லவில்லை, கக்கூசைக் கேட்கிறேன்.

நோன்பு தொடங்கிவிட்டது. அவனுக்கு நோன்பு கடமையில்லை. நன்றாகத் தண்ணீர் குடிக்க வேண்டும், பப்பாசிப்பழம் கொடுக்க வேண்டும். மருந்தும் வைத்திருக்கிறேன். என்னில் இருக்கிற கோபத்தைப் போத்தலில் காட்ட வேண்டாம்.

சுஹைரா


ஜமாலியா
17.03.2024

சுஹைராவுக்கு,

கக்கூசுக்குப் போகிறானா என்று கதவைத் திறந்து பார்க்கவா சொல்கிறாய்? துறைமுகத்தில் இழுவைப் படகு எப்போது கூப்பிடும் என்று எனக்கே தெரியாது, சிப்ட் முடிந்து வந்தால் உடம்பு முறிந்துவிடும். கேட்டால் "ஓம் வாப்பா" என்கிறான்.

நல்ல செய்தி சொல்கிறேன், கேள். உன் மகன் நோன்பு பிடித்தான்! நான் சொல்லவில்லை, ரிஸ்லாவும் சொல்லவில்லை. சனியும் பிடித்தான், இன்றும் பிடித்திருக்கிறான். தண்ணீர் குடி என்று கெஞ்சினோம், வாயைத் திறக்கவில்லை. நேற்று நோன்பு திறக்கும்போதும் கஞ்சியில் இரண்டு வாய்தான். பள்ளிவாசலில் எல்லோரிடமும் சொன்னேன். ஹஸரத் அவன் தலையில் கைவைத்து துஆ செய்தார். பெருநாளைக்கு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். இப்படி ஒரு பிள்ளையையா நீ நோயாளி என்கிறாய்? மருந்துக்கு நோன்பு இடம் கொடுக்கவில்லை, அப்படியே திருப்பி அனுப்புகிறேன்.

நஸ்ரி


ஆஸ்பத்திரி, பிள்ளைகள் வார்ட்
22.03.2024

றுவைஸின் வாப்பாவுக்கு,

இதை நிப்றாஸ் உங்கள் கையில் தருவான். புதன்கிழமை வீட்டு முற்றத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டான். சத்தியும் எடுத்தான். படம் எடுத்துப் பார்த்தார்கள், நெஞ்சுக்குக் கீழே எல்லாமே அடைத்துக் கிடக்கிறது. கீழால் மருந்து ஏற்றினார்கள். நான் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டேன். அவன் போட்ட சத்தம் உங்கள் படகுக்குக் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். இப்போது ஆபத்தில்லை, அல்ஹம்துலில்லாஹ். சேலைன் ஏறுகிறது, நித்திரை கொள்கிறான்.

நேற்று கொஞ்சம் தெளிந்ததும் கேட்டேன், "ஏன் மகன் வாப்பா ஊட்ட போனா திங்கிறல்ல, குடிக்கிறல்ல?"

"திண்டா வரும் உம்மா."

"வந்தா என்ன, கக்கூஸ் இரிக்கிதானே?"

"அது சாச்சிட ஊடு. நான் ஊத்தையாக்கினா வாப்பாவ வெளிய போகச் சொல்லிருவாங்க. நம்மட ஊட்டயும் நான் ஊத்தையாக்கினதாலதானே வாப்பா போன."

நம் ஊர் வழக்கத்தைப் பிள்ளை எப்படிப் பார்த்திருக்கிறான் பாருங்கள். வீடு பெண்ணுக்குச் சீதனம், ஆண் வந்து இருக்கிறவர். என் வீட்டிலிருந்து நீங்கள் பையோடு போனதை அவன் பார்த்தான். ரிஸ்லா சாச்சி வீட்டிலிருந்தும் நீங்கள் போய்விடக்கூடாது என்று தன் வயிற்றைக் கட்டியிருக்கிறான். நீங்கள் ஊருக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட நோன்பு அதுதான்.

வெள்ளி, சனி, ஞாயிறு தின்னாமல் குடிக்காமல் அடக்குகிறான், இங்கே வந்ததும் கசிகிறது. அதைத்தான் நீங்கள் சுத்தம் என்கிறீர்கள். எனக்கு அழுகையாக வருகிறது, உங்களைக் கொல்லவும் வேண்டும் போல இருக்கிறது. இனி அவனை அனுப்ப மாட்டேன்.

சுஹைரா


ஜமாலியா
27.03.2024

சுஹைராவுக்கு,

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். வாசலில் நின்று அவன் கையில் குத்தியிருந்த ஊசியைப் பார்த்துவிட்டு, உள்ளே வரக் கால் வராமல் திரும்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கவும் பயம்.

ரிஸ்லாவிடம் சொன்னேன். அவள் சொன்னது: "எனக்கு அப்பவே சந்தேகம். நான் ஒருநாளும் அந்தப் பிள்ளை கக்கூசுக்குப் போகக் காணல்ல. நீங்க பெருமையாக் கதைச்சதால நான் வாய் திறக்கல்ல." அவளில் பிழை இல்லை சுஹைரா. பிழை முழுக்க என்னில்தான். ஆனால் ஒன்றை உனக்கு மட்டும் சொல்கிறேன். இந்த வீட்டில் நான் கதவைச் சத்தம் கேட்காமல்தான் சாத்துகிறேன். சோறு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் கேட்பதில்லை. ரிஸ்லாவின் உம்மாவின் முகம் கொஞ்சம் மாறினாலும் எனக்கு வியர்க்கும். இதையெல்லாம் நான் யாருக்கும் சொன்னதில்லை, ஏழு வயதுப் பிள்ளை கண்டுபிடித்திருக்கிறான்.

நீ எழுதியது சரி. அவன் உன்னிடமே இருக்கட்டும். நானும் வந்து குழப்பவில்லை. பூரண சுகமானதும் அனுப்பு, அதுவரை பொறுத்துக்கொள்கிறேன். மருந்துக்குக் காசு நிப்றாஸிடம் கொடுத்திருக்கிறேன்.

நஸ்ரி


கிண்ணியா
14.04.2024

றுவைஸின் வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் கழிந்தது. நீங்கள் வரவில்லை, ஒரு போன் கூட இல்லை. சைக்கிளை ஆள் மூலம் அனுப்பியிருந்தீர்கள். சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம், அவன் தொடவில்லை.

பெருநாளன்று புது உடுப்புப் போட்டு, வட்டிலப்பம் எடுத்து வைத்தேன். வேண்டாம் என்றான். "நான் நோன்பு" என்றான். "பெருநாளைக்கு நோன்பு புடிக்கப்படாது மகன், ஹராம்" என்றேன். "அப்ப நாளைக்குப் புடிக்கிறன். நான் இப்ப சுத்தமெண்டு வாப்பாட்ட சொல்லுங்க" என்றான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது என் வீட்டிலும் அடக்குகிறான். டொக்டர் தலையில் கை வைத்துவிட்டார்.

அனுப்ப மாட்டேன் என்று எழுதியது நான்தான். ஆத்திரத்தில் எழுதியதை வேதவாக்காக எடுக்க, நான் சொன்னதை எந்தக் காலத்தில் நீங்கள் கேட்டீர்கள்? சுகமானதும் அனுப்பு என்கிறீர்கள். நீங்கள் கூப்பிட்டால்தான் அவனுக்குச் சுகம் வரும், நஸ்ரி.

வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிடுங்கள். மருந்தோடு வருவான். கட்டாயம் ஊத்தையாக்குவான், விரிப்பும் நாறும். அதை நீங்கள் உங்கள் கையால் கழுவுங்கள், ரிஸ்லாவும் அவள் உம்மாவும் பார்க்கக் கழுவுங்கள். அதற்குப் பிறகும் நீங்கள் அதே வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிப்பதை அவன் கண்ணால் காண வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். நான் உங்களிடம் எனக்கென்று இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. இதுவும் எனக்கில்லை.

அவர்கள் முகம் மாறினால் மாறட்டும். நிப்றாஸ் வாசலில் நிற்பான். எழுதக் கஷ்டம் என்றால் ஓம் என்று வாயால் சொன்னாலும் போதும்.

சுஹைரா


கிண்ணியா
26.04.2024

நஸ்ரிக்கு,

போன வெள்ளியும் இந்த வெள்ளியும் நிப்றாஸ் உங்கள் கேற்றில் நின்றுவிட்டு வந்தான். உள்ளே உங்கள் செருப்பு கிடந்ததாம். அவன் ஹோர்ன் அடித்தானாம், யாரும் வரவில்லையாம். உங்களுக்குப் பயம் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருசம் கூட இருந்தவள் எனக்குத் தெரியாதா. ஆனால் அந்தப் பயத்தை இந்தச் சின்ன வயிறு எத்தனை நாளைக்குச் சுமக்கும்?

இன்று ஓட்டோவுக்குள் றுவைஸும் இருந்தான். அதை நான் முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும். தானும் போகிறேன் என்று அடம்பிடித்தான், விட்டுவிட்டேன். திரும்பி வந்து இறங்கியவன் அழவில்லை. கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்து கேட்டான்.

"நான் அங்க ஒருநாளும் ஊத்தையாக்கல்லயே உம்மா. பிறகு ஏன் வாப்பா கதவத் திறக்கல்ல?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் எனக்கு எழுத வேண்டாம், நானும் இனி எழுதப்போவதில்லை. என்றைக்காவது அவனிடம் நேரில் சொல்லிக்கொள்ளுங்கள்.

சுஹைரா