காட்டினால் விடுவாங்களோ?

திங்கள், பெப்ரவரி 2

மழை, காற்று. குடைக்கம்பி ஒன்று முறிந்தது.

உறுதியானது: ஓய்வுபெற்ற பொலிஸ்காரர் சிலர் நடத்தும் அந்த அரசியல் அமைப்பு திரட்டிய பணத்தின் பெரும்பகுதி, பணம் கேட்டு வீடு வீடாகத் தொலைபேசி எடுத்த நிறுவனத்துக்கே போயிருக்கிறது. அடுத்த பெரிய செலவு, விருந்துகள். காயப்பட்ட பொலிஸ்காரரின் குடும்பங்களுக்கு என்று சொல்லித்தான் கேட்டார்கள். அந்தச் செலவுக் கணக்கில் எதுவும் இல்லை. ஆதாரம்: கட்சிகளின் கணக்கைப் பார்க்கும் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை. இரண்டு தடவை வாசித்தேன்.

இன்னொன்று: தொலைபேசி எடுத்த அந்த நிறுவனத்தின் முகவரியும் அமைப்பின் பொருளாளருடைய வீட்டு முகவரியும் ஒன்று. ஆதாரம்: வணிகப் பதிவேடு.

கொடுத்தவர்களில் எங்கள் ரூ லூயி-பிளாங் தெருக் கடைக்காரர் பலர். கடைகள் கட்சிக்குக் காசு கொடுக்க பிரெஞ்சுச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ரசீது ஒரு சங்கத்தின் பெயரில். கொடுத்தவருக்குக் கண்ணாடியில் ஒட்ட நீல ஸ்டிக்கர், வேலையாட்களுக்குப் பர்ஸில் வைக்க மூவர்ண அட்டை.

ஏன் கொடுத்தீர்கள் என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஊரில் காசு சேர்க்க வந்தவரிடம் எதற்கு என்று கேளாமல் கொடுத்து, ரசீதுத் துண்டைப் பத்திரப்படுத்தி, அடுத்த சோதனைச் சாவடியில் அதைக் காட்டிக் கடந்தவர்கள் நாங்கள். நானும்தான்.

வாங்க: பால், மின்குமிழ், இருமல் மருந்து.

செவ்வாய், பெப்ரவரி 3

மழை விட்டது. குளிர்.

குணத்தின் பயண முகவர் கடைக்குப் பின்னறை. அதுதான் எங்கள் வாரப் பத்திரிகையின் அலுவலகம். பணம் அவருடையது, எழுத்து என்னுடையது. கட்டுரையின் சுருக்கத்தைச் சொன்னேன்.

"கடைசிப் பக்கம் ஆரின்ரை எண்டு தெரியும்தானே அண்ணை?"

தெரியும். அமைப்பின் விளம்பரம். முழுப்பக்கம், வண்ணம், மாநகரத் தேர்தல் வரைக்கும்.

"இந்தக் கிழமைக் காசு வந்தால்தான் அச்சகத்துக்குக் குடுக்கலாம். ஒரு கிழமை பொறுங்கோவன். அதுக்கிடையிலை ஆரும் செத்துப்போகப் போறேல்லை."

"அவையிட்டையும் விளக்கம் கேக்கவேணும். அதுக்கும் நாள் வேணும்" என்றேன்.

விளக்கம் கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். சாக்கை நானே எடுத்துக் கையில் கொடுத்தேன். குணத்தின் முகத்தில் நிம்மதி. எனக்கும் சற்று நிம்மதி. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் பக்கத்துக்கு: மெட்ரோ படிக்கட்டுத் திருத்த வேலை.

புதன், பெப்ரவரி 4

மதியம் ஈசன் கடையில் சாப்பாடு. கல்லாவுக்குப் பின் கண்ணாடியில் நீல ஸ்டிக்கர், கோணாமல் ஒட்டியது.

கையைத் துடைத்துக்கொண்டு வசி வெளியே வந்தார். ஈசனின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தம்பி, அந்தச் சமையலறையிலேயே வேலை. விசா வழக்கு தள்ளுபடியாகிவிட்டது.

"பேப்பர்க்காரருக்கு இண்டைக்கு மீன் இல்லை. முட்டைதான். எழுதிப்போடாதேங்கோ."

பிறகு பர்ஸைத் திறந்து அட்டையைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். லா கூர்னெவ் புறநகரிலிருந்து ரயிலில் வருபவர். மெட்ரோ வாசலில் பொலிஸ் நிற்கும் என்று, முன்பெல்லாம் பெரிய ஸ்டேஷனின் முன்வாசலால் இறங்கி ஊரெல்லாம் சுற்றி நடந்து வருவாராம். இப்போது சுரங்கப்பாதையால் நேரே லா சப்பல் மெட்ரோ வாசலுக்கு.

"உந்தக் குளிருக்கை ஆர் சுத்துறது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "காட்டினால் விடுவாங்களோ அண்ணை?"

ஈசன் கல்லாவிலிருந்து: "உதைச் சாமிப்படத்துக்குப் பக்கத்திலை வைச்சுக் கும்பிடாத குறை."

எல்லாரும் சிரித்தார்கள். வசி மட்டும் என்னைப் பார்த்தபடி.

"பத்திரமா வைச்சிருங்கோ" என்றேன்.

கட்டுரைக்கு முன் வாயைவிட்டால் அமைப்பின் காதுக்குப் போய்விடும். வீடுவரை இதையே எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன். குணத்தின் கடைசிப் பக்கமும் மனதில் இருந்தது.

வெள்ளி, பெப்ரவரி 6

வெயில். நேற்றுப் பத்திரிகை வந்தது. கடைசிப் பக்கம் அழகாக அச்சாகியிருந்தது.

இன்று காலை வசியைப் பிடித்துவிட்டார்கள். லா சப்பல் மெட்ரோ வாசல். உறுதி செய்தவர் ஈசன், பொலிஸ் நிலையத்து வாசலிலிருந்து தொலைபேசியில்.

தேநீர்க் கடையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பேர்:

"அவங்கள் கேட்டது பப்பியே, விசாப் பேப்பர். இவர் எடுத்துக் குடுத்தது பொலிசுக்குக் காசு குடுத்த காட்."

"சும்மா சொல்லாதை."

"அம்மாவாணை. ஒருத்தருக்கொருத்தர் காட்டிக் காட்டிச் சிரிச்சவங்களாம். பிறகு விலங்கு."

"கிரெடிட் காட்டைக் குடுத்திருந்தாலும் விட்டிருப்பாங்கள்."

இருவரும் சிரித்தார்கள். நான் என் தேநீரைக் குடித்து முடித்து, பால் கூடிப்போச்சு என்றுகூடக் கடைக்காரரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

சனி, பெப்ரவரி 7

வழக்கறிஞரிடம் ஈசனோடு போனேன், மொழிபெயர்க்க. வசி இப்போது விமான நிலையத்துப் பக்கத் தடுப்பு நிலையத்தில். கடவுச்சீட்டு ஒப்படைத்தாயிற்று. நீதிபதி மனம் வைத்தால் ஈசன் வீட்டில் தங்கி பொலிஸ் நிலையத்தில் ஒழுங்காகக் கையொப்பமிட விடலாம். இல்லாவிட்டால் உள்ளேயே வைத்து, திருப்பி அனுப்ப விமானம் தேடுவார்கள்.

தடையாக இருப்பது அட்டை. பொலிஸ் அட்டை மாதிரி ஒன்றைக் காட்டி ஏமாற்றப் பார்த்தவர், நம்ப முடியாதவர் என்று அரச தரப்பு எழுதியிருக்கிறது. அவர் அதை உண்மையாக நம்பினார் என்று சொல்ல ஒரு சாட்சி வேண்டும். குடும்பத்துக்கு வெளியே உள்ளவர் என்றால் நல்லது. வழக்கறிஞர் சொன்னதை ஈசனுக்குத் தமிழில் சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

வெளியே வந்து ஈசன் சிகரெட் பற்றவைத்தார்.

"நான்தான் அவனுக்கு அந்தக் காட்டை வாங்கிக் குடுத்தனான். மனிசி என்னோடை கதைக்கிறேல்லை." சாம்பலைத் தட்டிவிட்டு: "பேப்பர் நடத்துற உங்களுக்கே தெரியேல்லை, எங்களுக்கு எப்பிடித் தெரியும், என்ன அண்ணை?"

"ஓம்" என்றேன்.

ஞாயிறு, பெப்ரவரி 8

தடுப்பு நிலையம். கையுறையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

தலைக்கு மேலே விமானங்கள். வசி மெலியவில்லை, சவரம் செய்யவில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பகிடி விட்டார்: "உப்புப் போட மறந்த சமையல்காரனையும் இஞ்சைதான் அடைச்சு வைச்சிருப்பாங்கள்."

விடைபெறும்போது: "அண்டைக்கு நீங்களும் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்ததைச் சொன்னார். தொழிலில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த அதே முறை: நடந்தது, நடந்த ஒழுங்கில்.

பதில் சொல்ல வாயெடுத்தேன். நேரம் முடிந்தது என்றார் காவலர். அதற்காக அவருக்கு நன்றி சொல்லும் நிலையில் இருந்தேன்.

செவ்வாய், பெப்ரவரி 10

மறுபடி மழை. புதுக் குடை வாங்கவில்லை.

நேற்று அமைப்பின் தலைவரோடு தொலைபேசியில் பேசினேன். மரியாதையான மனிதர். அட்டை நன்றிக்கு மட்டும், எந்தச் சலுகையும் தருவதாக யாரும் சொல்லவில்லை என்றார். பொருளாளரின் முகவரி பற்றிக் கேட்டதும் எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார்.

சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். புதன்கிழமை வசி கேட்டது, நான் சொன்னது, அதற்கு இரண்டு நாள் முன்பே எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாம். வழக்கறிஞர் வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். இது உங்களுக்கு நல்லதல்ல என்றார். வசிக்கு? என்று கேட்டேன். அவருக்கு நல்லது.

குணம் முதல் பக்கத்தைப் பார்த்தார். கட்டுரையின் இரண்டாம் பத்தியில், போன வாரம் இதை நிறுத்தி வைத்ததும் இருக்கிறது.

"என்ரை பேரும் வருமோ?"

"உம்மடையும் என்ரையும்."

"அப்ப கடைசிப் பக்கத்துக்கு என்ன போடுறது?"

"தெரியாது."

குணம் கணினியில் தன் பயண முகவர் விளம்பரத்தைப் பெரிதாக்கத் தொடங்கினார்.

நிலுவையில்:

நீதிபதியின் முடிவு. நாளை, காலை அமர்வு.

அமைப்பின் எழுத்துப் பதில். வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார்கள். பத்திரிகை வியாழன்.

ஈசன். நாளை என் கடிதத்தை நீதிமன்றத்தில் வாசிப்பார்கள். பிரெஞ்சில் வாசித்ததை அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். எனக்கு முன்பே தெரியும் என்பதை அங்கே வைத்துச் சொல்லக்கூடாது. காலை, அவர் ஷட்டர் தூக்குமுன் கடை வாசலில்.