இருபத்தெட்டு மில்லிசெகண்ட்

சங்கரன்கோவில்
3.2.2025

இஸ்ரேலுக்கு,

நலம் விசாரிக்கப்போவதில்லை. போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். உன் அம்மாவிடம் ஓசூர் விடுதி முகவரியை வாங்கித் தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. கிடார் அடிக்கிறவன் டிரம்ஸ் அடிக்கிறவனுக்குக் கடுதாசி போடும் ஒரே மெட்டல் பேண்ட் நம்முடையதாகத்தான் இருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் முதல் ஆல்பம் மார்ச் ஏழாம் தேதி வெளிவருகிறது. எட்டுப் பாட்டும் மிக்ஸ் முடிந்தது. நீ அடித்ததைக் கம்ப்யூட்டரில் விரித்துப் பார்த்தேன். காலால் மிதிக்கும் கிக் சரி. குச்சியால் அடிக்கும் ஸ்னேர் ஒவ்வொன்றும் சராசரியாக இருபத்தெட்டு மில்லிசெகண்ட் பிந்தி விழுகிறது, எட்டுப் பாட்டிலும். தாளம் எண்ணும் மெட்ரோனோமைக் காதில் மாட்டிக்கொண்டு அடித்தவன் செய்கிற வேலையா இது? மூன்று நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் இழுத்துத் தாளக்கோட்டில் நிறுத்தியிருக்கிறேன். பென் டிரைவ் இத்துடன். கேட்டுவிட்டு, சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அப்சல் போட்டுவிட்டான். பாடுகிறவனுக்கே ஆட்சேபணை இல்லை.

உங்கள் தறிக்கூடத்துக்கும் போயிருந்தேன். "ஏலே சுப்பு, மூணாவது தறி இழுக்குது, என்னன்னு பாரு" என்று உன் அப்பா கூப்பிட்டார். ஊடுநூலோடு இருபக்கமும் ஓடும் நாடாவை அடித்துத் தள்ளும் குச்சியில் தோல்பட்டை தேய்ந்திருந்தது. மாற்றினேன். இப்போது ஒழுங்காக ஓடுகிறது. இதற்காவது நன்றி சொல்.

சங்கரசுப்பு


ஓசூர்
11.2.2025

சுப்புவுக்கு,

கேட்டேன். டிரம்ஸ் இல்லை, சீலிங் ஃபேன் ஓடுகிறது. நல்ல ஃபேன், கம்பெனி ஃபேன்.

ஏலே, ஸ்னேர் பிந்தவில்லை. நான் பிந்த வைத்தேன். எங்கள் மூன்றாம் தறி இடப்பக்கம் டக்கென்று அடிக்கும். வலப்பக்கம் மனசில்லாமல், கொஞ்சம் கழித்து டொக்கென்று அடிக்கும். தொட்டிலில் கிடந்தபோதே என் காதில் விழுந்த அடி அது. சர்ச்சில் வாசித்தபோது பாஸ்டர் ஐயா, "தம்பி, நீ ஆமென் சொல்லதுக்கே லேட்டாதான் வாரே" என்றார். அவருக்காகவே மாற்றாதவன் உனக்காகவா மாற்றுவேன்? ஆல்பம் பதிவு செய்தபோது மைக்கைக் கட்டிக்கொண்டு அந்தத் தறிக்கூடத்தில் என் பக்கத்திலேயே நின்றாய். உன் காது எங்கே போயிருந்தது? ஸ்கிரீனுக்கா?

ஆல்பத்துக்கு 'தறிகெட்டு' என்று பெயர் வைத்தவன் நான். நீ தறியை ரிப்பேர் பார்த்ததுமில்லாமல் என்னையும் ரிப்பேர் பார்த்திருக்கிறாய். இப்போது அதற்குள் எந்தத் தறி கெட்டிருக்கிறது, சொல்லு?

நான் அடித்ததை அப்படியே போடு. இல்லையென்றால் என் பெயரை எடு. கையெழுத்துக் கிடையாது.

இஸ்ரேல்


சங்கரன்கோவில்
20.2.2025

இஸ்ரேல்,

நீ அடித்தது இப்போது இல்லை. டிஸ்கில் இடம் போதவில்லை, மூலப் பதிவை அழித்துவிட்டேன். காப்பி எடுக்கவில்லை. இதை வேறொருவன் செய்திருந்தால் முட்டாள் என்றிருப்பேன்.

நீ சொன்னதைப் பொய்யென்று காட்டத்தான் மறுபடி தறிக்கூடத்துக்குப் போனேன். மூன்றாம் தறிக்கு நேராக மைக்கை வைத்தேன். "என்னலே, தறிக்கு ஈசிஜி எடுக்கியா?" என்று உன் அப்பா சிரித்தார். இடம், வலம் இரண்டும் கச்சிதமாக விழுந்தன. விழாமல் என்ன செய்யும்? சரிசெய்தவனே நான்தானே. குப்பை டின்னில் கிடந்த பழைய தோலைத் தேடி எடுத்துத் திரும்பக் கட்டினேன். நாலாவது அடியில் தோல் அறுந்தது, நாடா பறந்துபோய்ச் சுவரில் மோதியது. "நல்லா ஓடுததக் கெடுக்கதுக்காலே டிப்ளமா படிச்சே?" என்று உன் அப்பா கத்தினார்.

உன் பெயரை எடுத்துவிட்டேன். ஸ்னேரையும் எடுத்துவிட்டேன். எட்டுப் பாட்டிலும் அந்த இடம் காலி. கிக் விழும், பிறகு ஒன்றுமில்லை. உன் அடி விழவேண்டிய இடத்தில் நான் கைவைக்கவில்லை, கேட்கிறவன் மனசுக்குள் போட்டுக்கொள்ளட்டும். நேர்மையான ஏற்பாடு இது ஒன்றுதான். புது பென் டிரைவ் இத்துடன்.

ஏழாம் தேதிக்கு முன்னால் வந்து திரும்ப அடிப்பதானால், டிரம்ஸுக்கு மைக் கட்டியபடியே இருக்கிறது. கெஞ்சவில்லை. தகவல் சொல்கிறேன்.

சங்கரசுப்பு


ஓசூர்
1.3.2025

சுப்பு,

கேட்டேன். கிக். பிறகு காலி. அந்தக் காலியும் கோட்டிலேயே தொடங்கிக் கோட்டிலேயே முடிகிறது. நீ சும்மா இருக்கதுகூட கரெக்ட் டைமுக்குத்தாம்லே.

மைக்கைக் கழற்றிவிடு.

நாலாம் தறியும் இப்போது வலப்பக்கம் பிந்துகிறதாம், அப்பா போனில் சொன்னார். ரிப்பேர் பார்க்க உன்னைக் கூடத்துக்குள் விடவே கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இஸ்ரேல்