தரிசு என்று போடச் சொன்ன இடம்

14 மார்ச் 2006, செவ்வாய்

கோபம் இன்னும் அடங்கவில்லை. விஸ்வநத்தம் போகும் வழியில் உள்ள பட்டாசு ஆலையைச் சுற்றி, ஐந்து வருடத்துக்கு முந்தைய செயற்கைக்கோள் படத்தில் வெறும் பொட்டல்தான். புதுப் படத்தில் மதிலை ஒட்டியே வீடுகள். நான் தயாரிக்கும் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் அவற்றைக் குடியிருப்பு என்று சிவப்பில் காட்டினேன்.

“தரிசுன்னு மாத்துங்க. வீடு இருக்குன்னு காட்டுனா ஆலைக்கு லைசென்ஸ் புதுப்பிக்க முடியாது,” என்றார் எங்கள் அலுவலக அதிகாரி.

“நேத்து நேர்லயே போய்ப் பாத்தேன் சார். ஒரு அக்கா வாசல்ல பிள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருந்தாக.”

“உங்கள யாரு அங்கன போகச் சொன்னது?”

மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். நாளைக்கே வேறு ஆளை வைத்து மாற்றிவிடுவார். சிவப்புப் படத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாள். அந்த வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நானும் வரிசையில் நிற்பேன். வேலை போனால் போகட்டும்.