ரொட்டிச் சுற்று முடிந்ததும் ஓட்டம்

மோவால்போல், செபுத் தீவு
மார்ச் 12, 2018

அன்பு மகள் ரோவேனாவுக்கு,

அம்மாவின் முத்தங்கள். அப்பா நலம். முழங்கால் வலியை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நம் ஊர் ஜூன் மாதப் போட்டிக்கென்று நீ அனுப்பிய பன்னிரண்டு வாரப் பயிற்சி அட்டவணை வந்தது. மணிலாக்காரர்களுக்கு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சொல்லித் தருகிறவள் நீ, அதனால் மரியாதையாகச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஆனால் எனக்கு எதற்கடி அட்டவணை? இருபது வருஷமாக விடியற்காலையில் ரொட்டிக்கூடையோடு சைக்கிள் மிதிக்கிறேன். கடல் வாசலிலேயே கிடக்கிறது.

புனித வெள்ளி மாலை நான்கு மணிக்குக் கடல் நீச்சல் என்று வேறு எழுதியிருக்கிறாய். அன்றைக்கு, ஏசு உயிர்விட்ட மூன்று மணிக்கு மேல் இங்கே யாராவது குளிக்கவாவது செய்வார்களா? அப்பா பார்த்துவிட்டு, "உம் பொண்ணு எந்த ஊர்ல பொறந்தா?" என்றார். சுவரிலிருந்து கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் அம்மா,
பெர்லிட்டா

மணிலா
மார்ச் 19

அன்புள்ள அம்மா,

புனித வெள்ளியை மறந்தது என் தப்பு. வெட்கமாக இருக்கிறது. ஆனால் போன வருஷப் போட்டியை நான் மறக்கவில்லை. ஓட்டத்தின் நான்காவது கிலோமீட்டரில் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். இரண்டு மணி நேரக் கெடு பதினோரு நிமிஷ வித்தியாசத்தில் தவறியது. வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய் மாவு பிசைந்தாய்.

உனக்குத் தெம்பு இல்லாமல் இல்லை. தினமும் ஒரே வேகத்தில் மிதிக்கிறாய், ஓய்வே எடுப்பதில்லை, சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓடிப் பழகவே இல்லை. அட்டவணையைப் புதிதாக எழுதியிருக்கிறேன். ரொட்டிச் சுற்று, ஞாயிறு பூசை, புனித வாரம் எல்லாம் முதலில். மிச்ச இடத்தில்தான் பயிற்சி. ரொட்டி கொடுத்து முடித்ததும் பத்து நிமிஷம் ஓடு. புதன்கிழமை ஓய்வு. அன்று அப்பா கூடை தூக்கட்டும்.

உன் ரோவேனா

மோவால்போல்
ஜூன் 11

என் செல்ல மகளுக்கு,

ஒரு மணி ஐம்பத்தாறு நிமிஷம். நேற்று அம்மா முடித்துவிட்டாள்.

முதல் வாரம் ரொட்டி கொடுத்துவிட்டு ஓடியபோது, "யாரு துரத்துறா பெர்லிட்டா?" என்று தெருவே சிரித்தது. முதல் புதன்கிழமை சும்மா இருக்க முடியாமல் திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தேன். அப்பாதான் வாளியைப் பிடுங்கி, "புதன் கட்டத்துல என்ன எழுதியிருக்கு? போய்ப் படு" என்றார். அதன்பிறகு எல்லாப் புதனும் படுத்தேன்.

நேற்று நான்காவது கிலோமீட்டரில் கால் பிடிக்கும் என்று பயந்துகொண்டே ஓடினேன். பிடிக்கவில்லை. முடிவுக் கோட்டைத் தாண்டியதும் ஒலிபெருக்கிக்காரர், "யாரும்மா உங்க பயிற்சியாளர்?" என்று கேட்டார். "நான் பெத்தவ" என்றேன். ஊரே கைதட்டியது, எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னை நினைத்தால் எனக்கு அவ்வளவு பெருமையாக இருக்கிறது.

அப்பாவும் ஒரு அட்டவணை கேட்கிறார். முழங்காலுக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டுமாம்.

பதக்கத்தை இதோடு அனுப்புகிறேன், நீ வைத்துக்கொள். நீ மாற்றி எழுதிய அட்டவணையை மட்டும் கேட்காதே. அது சுவரிலேயே இருக்கட்டும்.

உன் அம்மா,
பெர்லிட்டா