மேயர் மூடிய பாலம்

செப்டம்பர் 8, 2015
ஆப்பிள் கூடையோடு ஏறிய ஒருத்தி, மேயர் பெண்டாட்டி எதற்கு இன்னும் டிராம் ஓட்டுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் கேட்டாள். மிரோன் மேயராகி ஐந்து வருஷம். நான் டிராம் ஓட்டத் தொடங்கி இருபத்தொன்று. விடுவானேன்?

அடுத்த மாதம் மறுபடி தேர்தல். இந்தத் தடவையும் அவன்தான் என்கிறார்கள்.

செப்டம்பர் 17
மிரோன் சாப்பிடவில்லை. ஆற்றுப்பாலத்தைச் சோதித்த பொறியாளர்களின் அறிக்கை வந்திருக்கிறது. நடுத்தூணில் விரிசல். இன்றே விழும் என்று எழுதவில்லை. விழாது என்றும் எழுதவில்லை.

என் வண்டி அதன்மேல் தினம் பதினாறு தடவை போகிறது. எங்கள் மகள் உஸ்தீனா அதில்தான் கல்லூரிக்குப் போகிறாள்.  

செப்டம்பர் 20
பிரச்சாரத்தை நடத்தும் யுகீம் வீட்டுக்கு வந்தார். பாதி ஓட்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம், இடக்கரையில். பாலத்தை மூடினால் அங்கே ஒன்றும் தேறாது, ஜெயித்த பிறகு மூடிக்கொள்ளலாம் என்றார். "நாப்பது வருஷம் நின்ன பாலம், மிரோன். இன்னும் அஞ்சு வாரம் நிக்காதா?"

மிரோன் என்னைப் பார்த்தான். நான் அடுப்பில் வெந்துகொண்டிருந்த செர்ரிக் கொழுக்கட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் ஜெயிக்கணும். எல்லாம் தெரிஞ்ச பிறகும் எனக்கு அப்படித்தான் இருக்கு. நான் என்ன மனுஷி?

செப்டம்பர் 21
காலையில் ஷூ மாட்டிக்கொண்டே கேட்டான். "ஸ்தெஃபா, நான் மூடலைன்னா நாளைக்கு நீ ஓட்டுவியா?"

"ஓட்டுவேன். ஆனா உஸ்தீனாவ ஏற விடமாட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவன் கட்டிய ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். பிறகு எழுந்து என் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுப் போனான். மதியம் பாலத்தை மூடிவிட்டார்கள்.

அக்டோபர் 6
டிராம் இப்போது இந்தக் கரையோடு சரி. இடக்கரைக்காரர்கள் பஸ்ஸில் சுற்றிப் போக ஒரு மணி நேரம் கூடுதல். இறங்கும்போது ஒரு பெரியவர் நின்று கேட்டார்: "உன் புருஷனும் இப்படித்தான் சுத்திப் போறானா?" மிரோனிடம் சொல்லவில்லை.

இடக்கரைக் கூட்டத்தில் அவனைப் பேச விடவில்லையாம். ஆனாலும் அறிக்கையைக் கடைசி வரி வரை வாசித்துவிட்டு வந்திருக்கிறான். கடைசிவரை இருந்து கேட்டவர்கள் பதினோரு பேர். அதையும் எண்ணியிருக்கிறான், பைத்தியக்காரன்.

அக்டோபர் 25
ஓட்டுப் போட்டோம். பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால், முதல் இருவருக்கு மட்டும் நவம்பரில் இன்னொரு சுற்று.

நவம்பர் 16
இரண்டாம் சுற்றில் தோற்றுவிட்டான். இடக்கரை மொத்தமும் மற்றவருக்கு. பாலத்தை உடனே திறப்பேன் என்று சொன்னவர் அவர். யுகீம் போன்கூடப் பண்ணவில்லை.

உஸ்தீனா அப்பாவின் தோளில் சாய்ந்து அழுதாள். அவன்தான் சமாதானம் சொன்னான். பிறகு பத்து மணி நேரம் தூங்கினான். ஐந்து வருஷத்தில் அவன் அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை.

டிசம்பர் 9
புது மேயர் வேறு பொறியாளர்களைக் கூட்டி வந்து தூணைத் துளைத்துப் பார்த்திருக்கிறார். பாலம் மூடியே இருக்குமாம். செய்தித்தாளில் நான்கு வரி. மிரோன் பெயர் இல்லை.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அவன் இரண்டு தடவை படித்தான். "பாவம், இனி அந்தாளுக்கும் திட்டு விழும்" என்றான்.

பிறகு போனை எடுத்தான். யாருக்கு என்று கேட்டேன்.

"புது மேயருக்குத்தான். பாலத்தோட பழைய வரைபடம் எந்த அலமாரில இருக்குன்னு தெரியாம தேடிட்டு இருப்பாங்க."

முக்கால் மணி நேரம் பேசினான். போர்ஷ் சூப் ஆறிப்போனது. மறுபடி சூடாக்கி, அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.