ரோஸ் பனியன்

12.2.2007, திங்கள்
ஜெர்மனி ஆர்டருக்கான சிவப்புத் துணி கன்னையனின் சாயப்பட்டறையிலிருந்து வந்தது. வெள்ளைக் காலர் வைத்து ஒரு சட்டை தைத்து அலசினோம். காலரெல்லாம் சிவப்பு!

"ஏனுங்க, போன ரெண்டு ஆர்டரும் இப்படித்தான போச்சு? மறுக்காவும் அவருகிட்டயேவா குடுத்தீங்க?" என்றாள் மயிலாள். முப்பது வருஷ மனைவி, எங்கள் பனியன் கம்பெனியில் பாதிப் பங்குக்காரி.

போன இரண்டும் நன்றாக நினைவிருக்கிறது. அப்புறம் ஏன் கொடுத்தேன்? நாலே நாளில் தருகிறேன் என்றான், குஷியாகிவிட்டேன். ஜெர்மனிக்காரர் கடைசியாக ஒரு வாய்ப்புத் தந்திருக்கிறார். அவரும் போனால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

14.2.2007
மயிலாள் முகத்தில் சிரிப்பு இல்லை. ரசத்தில் உப்பும் இல்லை.

19.2.2007
கோவை. தெரிந்தே ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்கிறேனே என்று மயிலாள் கூட்டி வந்தாள். மூளை டாக்டரம்மா தலையில் ஒயர் தொப்பி மாட்டி, கம்ப்யூட்டரில் சீட்டு விளையாட வைத்தார். நாலு கட்டு. நீலக் கட்டு முதலில் விளையாட்டுப் பணத்தை அள்ளிக் கொடுக்கும், பிறகு மொத்தமாகப் பிடுங்கிக்கொள்ளும். நான் திரும்பத் திரும்ப நீலத்தையே எடுத்தேனாம்.

மயிலாள் வாய்விட்டுச் சிரித்தாள். "டாக்டரம்மா, இது எங்க கன்னையன் பட்டறையேதானுங்க!"

"மறதி நோய்னு சொல்ற அளவுக்கு இல்லை, லேசான தடுமாற்றம்" என்றார் டாக்டர். "தப்புன்னு தெரியறப்போ மூளை துள்ளணும். இவருக்கு அது கம்மியா இருக்கு. பின்னால திட்டிப் பிரயோஜனமில்லை. முடிவெடுக்கிற நேரத்துல பழைய தப்பைக் கண்ணு முன்னால காட்டுங்க."

பயமாகத்தான் இருக்கிறது. இன்னும் போகப் போக எப்படியோ?

வரும் வழியில் மசால் தோசை சாப்பிட்டேன். அந்த முடிவில் தப்பே இல்லை.

20.2.2007
அடிப்பாவி! வீணான சிவப்புத் துணியோடு என் வெள்ளைப் பனியன் அத்தனையும் ஊறப்போட்டுவிட்டாள். எல்லாம் ரோஸ்!

"கம்பெனில பனியனோடதான உக்காருவீங்க? கன்னையன் போன் பண்ணுனா குனிஞ்சு பாருங்க."

தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

5.3.2007
கன்னையன் போன். "மாமா, இந்தத் தடவ மூணே நாள்ல குடுத்துப்போடறனுங்க."

எவ்வளவு நல்ல பையன்! சரி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. குனிந்தேன். ரோஸ்.

"இரு மாப்ளே, மயிலாளக் கேட்டுட்டுச் சொல்றேன்."

மயிலாள் புதுத் துணியைப் பல்லடத்துப் பட்டறைக்கு அனுப்பச் சொன்னாள். பத்து நாள் ஆகுமாம். ஆகட்டும்.

22.3.2007
தைத்து அலசினோம். காலர் பால் வெள்ளை. ஜெர்மனிக்காரர் சரக்கை ஏற்றச் சொல்லிவிட்டார்.

மயிலாள் எனக்குப் புது வெள்ளைப் பனியன்கள் தைத்து வந்து நீட்டினாள். எனக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். சாவி அவளிடமே இருக்கட்டும்.